விடுபட்ட பதினொரு பக்கங்கள்

செப்டம்பர் 14, 1981

புதிய நூல் கைக்கு வந்திருக்கிறது. ‘முதல் ஊற்று’. மேற்குச் சைபீரியாவில் எண்ணெய் எடுக்கப் போனவர்களைப் பற்றிய நாவல். எழுதியவர் யெகோர் அந்தீபின். ஓப் ஆற்றின் கிளையாறு ஒன்றில் மீன் பிடித்து வாழும் ஹந்தி மக்களில் ஒருவர். ருஷ்ய மொழியில் எழுதுகிறார். இருநூறு பக்கத்துக்குச் சற்று மேல். டிசம்பர் தொடக்கத்தில் தமிழில் முடித்துப் பதிப்பகத்தில் கொடுக்க வேண்டும். மாஸ்கோவுக்கு வந்த ஏழு ஆண்டில் இது எனக்குப் பதினான்காவது மொழிபெயர்ப்பு. அணைக்கட்டு இரண்டு, உருக்காலை மூன்று செய்தாயிற்று. இப்போது எண்ணெய்க் கிணறு.

வெங்காயத்துக்கு நாற்பது நிமிடம் வரிசையில் நின்றேன். வழக்கமாக என் மனைவி மங்கைதான் போவாள். அவள் ருஷ்யன் கற்றதே வரிசைகளில் நின்றுதான். கடைக்காரியிடம் சண்டை போடும் அளவுக்கு அவளுக்கு அந்த மொழி வரும், எனக்கு வராது. இன்று வயிறு சரியில்லை என்று படுத்துவிட்டாள். மிளகு ரசம் வைத்தேன். இரண்டு கரண்டி குடித்தாள்.

செப்டம்பர் 30

அந்தீபின் நேரில் வந்தார். வாசலில் கோட்டுகளை வாங்கி மாட்டும் அம்மாவுக்குக் கலியமூர்த்தி என்ற பெயர் வாயில் நுழையாது. என்னைக் ‘கல்யா’ என்பார். இங்கே அது பெண் பெயர். மூன்றாம் மாடியில் கல்யா இருக்கிறாள் என்று அவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். கதவைத் திறந்து என் மீசையைப் பார்த்ததும் அந்தீபின் சிரித்துவிட்டார். அதன் பிறகு பேசுவது எளிதாகிவிட்டது.

குள்ளமான மனிதர். ஐம்பது வயது இருக்கலாம். இரவல் வாங்கியது போன்ற கோட்டு. அறையில் நீனா செர்கேயவ்னாவும் இருந்தார். நான் தமிழில் எழுதுவதை ருஷ்ய மூலத்தோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசிரியர் அவர். லெனின்கிராதில் தமிழ் படித்தவர், தமிழ்நாட்டைப் பார்த்ததே இல்லை. அச்சில் இருப்பது போலத்தான் பேசுவார்.

அந்தீபின் பையிலிருந்து தட்டச்சுத் தாள்களை எடுத்தார். கார்பன் நகல்; எழுத்து மங்கிப்போயிருந்தது.

“இது ஏழாவது அத்தியாயம்.”

“புத்தகத்துல ஏழு இருக்கே.”

“அது எட்டு. நம்பரை மாத்திட்டாங்க.”

நீனா எழுந்து, “நான் தேநீர் அருந்திவிட்டு வருகிறேன்” என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். அவர் மேசையில் கோப்பை பாதி நிறைந்திருந்தது, ஆவிகூட அடங்கவில்லை.

“மூணு பத்திரிகைக்கு அனுப்பினேன். எல்லாரும் நல்லாருக்குன்னாங்க. எல்லாரும் இதை மட்டும் எடுத்துட்டாங்க” என்றார் அந்தீபின். “உன் மொழியை இங்க எத்தனை பேர் படிப்பாங்க, மூர்த்தி?”

“இந்த ஊருல பதினைஞ்சு பேர் இருப்பாங்க.”

“அங்க?”

“அங்க கோடிக்கணக்குல.”

“அப்ப அதுல போடு. ஒரு மொழியிலயாவது எங்க ஆறு இருந்துட்டுப் போகட்டும்.”

சரிபார்க்க ஆள் இருக்கிறார்கள், மேலே கையெழுத்து வேண்டும், கண்டுபிடித்தால் விசா போய்விடும் என்று எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் “பார்க்கிறேன்” என்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கியதைப் பார்த்தால் அவர் காதில் வேறு சொல் விழுந்திருக்க வேண்டும்.

அக்டோபர் 5

மங்கை சேலையை இடுப்பில் இன்னொரு சுற்று சுற்றிக் கட்டுகிறாள். இளைத்துவிட்டாய் என்றேன்.

“இந்த ஊரு முட்டைக்கோஸைத் தின்னா வேற என்ன ஆவும்?”

அக்டோபர் 12

மங்கையை மருத்துவமனையில் சேர்த்தாயிற்று. சாதாரணமாகக் கிடைக்கிற இடம் அல்ல. பதிப்பகத்தில் எங்கள் தமிழ்ப் பிரிவின் தலைவர் தொலைபேசியை எடுத்து யார் யாரிடமோ பேசி வாங்கிக் கொடுத்தார். வாசல் வரை கூட வந்தார். “நீங்க எங்க குடும்பம், தோழர் மூர்த்தி. உங்களால எங்களுக்கு ஒரு தொல்லையும் வந்ததில்லை” என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

பார்வை நேரம் நான்கிலிருந்து ஆறு. வெள்ளை அங்கியும் துணிச் செருப்பும் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். ரசத்தைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றித் துண்டு சுற்றி எடுத்துப் போனேன். சூடு ஆறவில்லை.

அக்டோபர் 17

டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். இங்கே நோயாளியிடம் சொல்வதில்லை, வீட்டாரிடம்தான் சொல்வார்கள். அவர் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை.

மங்கையிடம் அல்சர் என்று சொன்னேன். காரம் கூடாது. இனி ரசத்தில் மிளகு குறைக்க வேண்டும்.

அக்டோபர் 25

ஞாயிறு. பார்வை நேரத்தில் வேலையையும் எடுத்துக்கொண்டு போனேன். எண்ணெய்க் கிணற்றுப் பக்கங்களை விட்டுவிட்டு அந்த மங்கிய தாள்களை எடுத்தேன். சும்மா படித்துப் பார்க்கத்தான்.

ஆற்றின் பெயர் வோந்த்யோகன். காட்டாறு என்று பொருளாம். குளிர்காலத்தில் அதன் அடியில் போட்டிருந்த குழாய் விரிசல் விடுகிறது. மேலே பனிக்கட்டி மூடிக் கிடப்பதால் யாருக்கும் தெரியவில்லை. ஐந்து மாதம் எண்ணெய் கசிகிறது. மே மாதம் பனி உடைந்து நகரும்போது ஆறு கறுப்பாக வருகிறது. வாத்துகள் அதைத் தண்ணீர் என்று நினைத்து இறங்குகின்றன. கதை சொல்பவனின் தாய் ஒரு வாத்தைத் தூக்கித் தன் பாவாடையால் துடைக்கிறாள். துடைத்துத் துடைத்துப் பார்க்கிறாள்.

அந்த ஆற்றில் மீன் தங்கும் ஆழமான இடங்கள் பத்தொன்பது. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. அந்த ஆழத்துக்கான ருஷ்யச் சொல்லை ‘நீர்ச்சுழல் ஆழி’ என்று தமிழில் எழுதி வாய்விட்டு வாசித்தேன். மங்கை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவள் திறந்தாள்.

“என்னது அது, நீர்ச்சுழல் ஆழியா? தண்ணி வத்துனாலும் மீன் கெடக்கும், ஆழமா இருக்கும், அதுதான?”

“ஆமா.”

“கொள்ளிடத்துல அதை மடுன்னு சொல்லுவோம். முதலை மடு, பண்டாரத்தான் மடுன்னு எங்க ஊருகிட்டயே நாலு இருக்கு. பேசாம மடுன்னு எழுதுங்க.”

எழுதினேன். கரடி நீந்திய மடு. பசித்தவன் மடு. பேசக் கூடாத மடு. தலைசீவின மடு. பத்தொன்பதும் இரண்டு மணி நேரத்தில் முடிந்தன. ஏழு ஆண்டில் ஒரு வேலை இவ்வளவு இலேசாக ஓடியதில்லை. செவிலி வந்து ஆறு மணி ஆயிற்று என்று அதட்டும் வரை இருவரும் கவனிக்கவே இல்லை.

நவம்பர் 7

புரட்சி நாள் விடுமுறை. இன்று பார்வை நேரம் கிடையாது. துணி துவைத்தேன். நாவலில் ஒன்பது பக்கம்.

நவம்பர் 22

பதினொரு பக்கமும் தமிழில் முடிந்தது. மங்கைக்கு முழுதாக வாசித்துக் காட்டினேன்.

கடைசிப் பகுதியில் கிணற்றுத் தலைமைப் பொறியாளர் வருகிறார். கெட்டவர் அல்ல. கண் கலங்குகிறார். மீன் இல்லாமல் என்ன சாப்பிடுவார்கள் என்று ஹெலிகாப்டரில் பெட்டி பெட்டியாக டின் மீன் கொண்டுவந்து இறக்குகிறார். அந்தத் தாய் ஒரு டின்னைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எந்த மடுவுல பிடிச்சது?” என்று கேட்கிறாள். அத்தோடு அத்தியாயம் முடிகிறது.

மங்கை கேட்டாள்:

“அந்தம்மா அதைத் தின்னாங்களா?”

“எழுதல.”

“தின்னுருப்பாங்க. பசிச்சா என்ன பண்ணுறது.” பிறகு, “இதைப் போட்டுருங்க” என்றாள்.

“போட்டா என்ன ஆவும்னு தெரியுமா?”

“என்ன ஆவும்? ஊருக்கு அனுப்பிருவாங்க. போவோம். நான் எத்தினி வருசமாக் கேக்குறேன்.”

கட்டில், தொங்கும் மருந்துப் புட்டி, வெளியே காத்திருக்கும் டாக்டர். இவையெல்லாம் பிரிவுத் தலைவரின் ஒரு தொலைபேசியில் நிற்கின்றன என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? “சரி” என்றேன்.

டிசம்பர் 3

நாவலை நீனாவிடம் கொடுத்தேன். ஒரு நாள்தான் தாமதம். “தங்கள் மனைவியின் உடல்நலம் எவ்வாறு உள்ளது?” என்று கேட்டார். தேறி வருகிறாள் என்றேன்.

பதினொரு பக்கத்தையும் தனி உறையில் போட்டுப் பையில் வைத்திருக்கிறேன். இன்று அறையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். நாளை.

டிசம்பர் 4

அறையில் நீனாவும் நானும் மட்டும். ஆனால் அவருக்குத் தலைவலி போல இருந்தது.

டிசம்பர் 11

பிரிவுத் தலைவர் மங்கைக்கு ஆரஞ்சுப் பழம் ஒரு கிலோ கொடுத்தனுப்பினார். இந்தக் குளிரில் எங்கே கிடைத்ததோ. உரித்து, சுளையின் தோலையும் எடுத்து, சாறு மட்டும் கொடுத்தேன்.

டிசம்பர் 30

அந்தீபினிடமிருந்து புத்தாண்டு வாழ்த்து அட்டை. பனிக்கலைமான் படம். பின்னால் ஒரே வரி: “எங்கம்மாகிட்ட உன் பேரைச் சொல்லிட்டேன்.” மங்கை மருத்துவமனையில் இருக்கிறாள் என்று மட்டும் பதில் போட்டேன்.

ஜனவரி 16, 1982

“குடுத்துட்டீங்களா?” என்று மங்கை கேட்டாள்.

“எதை?”

“ஆத்தை.”

“குடுத்துட்டேன். நீனா படிச்சுக்கிட்டிருக்காங்க.”

அவள் முகம் தெளிந்தது. அதற்காகத்தான் சொன்னேன்.

பிறகு, “அல்சருன்னு சொல்றீங்க” என்றாள். “பக்கத்துக் கட்டில் தமாராவுக்கும் அல்சருன்னுதான் சொன்னாங்க.”

அந்தக் கட்டில் முந்தாநாளிலிருந்து காலி. மெத்தையைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். அவளுக்கு ருஷ்யன் நன்றாகத் தெரியும் என்பதை நான் எப்படி மறந்தேன்? செவிலிகள் நடைவழியில் பேசிக்கொள்வது அத்தனையும் அவளுக்குப் புரிந்திருக்கும். மூன்று மாதமாகத் தெரிந்தே என்னிடம் அல்சருக்குப் பத்தியம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

நான் ஜாடியைக் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது தூங்கியிருந்தாள்.

ஜனவரி 28

ரசத்தை நாக்கில் மட்டும் வைத்தாள். “மொளகு போதல” என்றாள்.

பிப்ரவரி 9

இன்று காலை 7:40.

மாற்றுத் துணி கொண்டுவரச் சொன்னார்கள். அரக்கு நிறப் பட்டு எடுத்துப் போனேன். அந்தப் பெண்களுக்குச் சேலை கட்டத் தெரியவில்லை. நானே கட்டிவிட்டேன். கொசுவம் சரியாக வரவில்லை.

பிப்ரவரி 12

மின் தகன மேடை. தமிழ்ப் பிரிவிலிருந்து எல்லோரும் வந்தார்கள். நீனா மஞ்சள் பூ கொண்டுவந்தார். இரட்டைப்படை எண்ணிக்கையில் கொண்டுவருவது இங்கே துக்கத்துக்கு வழக்கம். ஆறு பூ. “என்ன சொல்வதென்று அறியேன்” என்றார். மைத்துனருக்குத் தந்தி கொடுத்தேன். அஸ்தியை ஊருக்குக் கொண்டுபோகும் வரை வீட்டில் வைத்துக்கொள்ளலாமாம், காகிதம் கொடுத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 20

அரிசியை இரண்டு பேருக்கு அளந்துவிட்டேன்.

மார்ச் 18

பிழை திருத்த அச்சுப்படி வந்தது. காலையில் நீனா அதை என் மேசையில் வைத்தார். அறையில் வேறு யாரும் இல்லை. அவரே போய்க் கதவைச் சாத்தினார்.

“இதில் சேர்க்க வேண்டியது ஏதேனும் உளதா?”

“எதுவும் இல்லை” என்றேன்.

அவர் உடனே போய்விடவில்லை. என் மேசை அருகிலேயே நின்றார். “இன்னும் நான்கு நாள்கள் உள்ளன” என்றார்.

“எதுவும் இல்லை, நீனா செர்கேயவ்னா.”

உறை என் பையில்தான் இருந்தது. பை என் காலடியில் இருந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். மருத்துவமனைக் கட்டிலை இனி யாரும் பறிக்க முடியாது. ஊருக்கு அனுப்பினால் போக வேண்டியதுதானே. காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. வாயில் அந்தச் சொல்தான் வந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் பால் வாங்கினேன்.

மார்ச் 22

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அச்சுப்பிழை இருபத்தாறு.

மே 17

நாளிதழின் மூன்றாம் பக்கத்தில் சைபீரியாவில் எண்ணெய் உற்பத்தி இலக்கை மிஞ்சியது என்று செய்தி. ஆறுகளில் பனி உடைந்ததாகவும் ஒரு வரி இருந்தது. கத்தரித்து வைக்க எடுத்தேன், பிறகு உருளைக்கிழங்குத் தோலை அதில் உரித்துப் போட்டேன்.

ஜூலை 6

‘முதல் ஊற்று’ வெளிவந்துவிட்டது. நல்ல பைண்டிங், நீல அட்டை. எல்லோரும் கை குலுக்கினார்கள்.

அறை காலியான பிறகு நீனா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“அந்தீபின் முதலில் என்னிடம்தான் வந்தார்” என்றார். “தங்களைச் சந்திப்பதற்கு முந்தைய நாள். தாங்கள் கொண்டுவந்து தந்தால் நான் எதையும் காணாதவளாகக் கையொப்பம் இடுவேன் என்று அவருக்கு வாக்களித்தேன்.”

“நீங்க ஏன் என்கிட்ட கேக்கல?”

“கேட்பதற்கு எனக்கு என்ன உரிமை? எனக்கு ஓய்வூதியம் கிடைக்க ஓராண்டே உள்ளது, கணவர் இல்லை, என்னை யாரும் எங்கும் திருப்பி அனுப்ப முடியாது. தங்கள் நிலை வேறு. தங்கள் மனைவி மருத்துவமனையில் இருந்தவரை வாய் திறக்கக் கூடாதென்று இருந்தேன். அதன் பிறகு...” நீல அட்டையைத் திருப்பி வைத்தார். “அதன் பிறகு நான் காத்திருந்தேன், கலியமூர்த்தி. தாங்கள் தரவில்லை.”

கோபமாகச் சொல்லவில்லை. இலக்கணம் தவறாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் பதில் பேசியிருப்பேன்.

உறையை எடுத்து மேசையில் வைத்தேன். இப்போது எதற்கு என்று கேட்காமல் எடுத்துப் படித்தார். பதினொரு பக்கமும். ஓரிடத்தில் விரலை வைத்து, “மடு” என்றார். “இச்சொல்லை நான் பழைய பாடல்களில் மட்டுமே கண்டிருக்கிறேன். இவ்விடத்தில் எவ்வளவு பொருத்தம்.”

“அது என் மனைவி சொன்னது” என்றேன்.

அதற்கு மேல் அந்த அறையில் உட்கார முடியவில்லை. கீழே கோட்டு மாட்டும் அம்மா, கோடை காலமானாலும் தன் இடத்தில் இருந்தவர், “என்ன ஆச்சு, கல்யா?” என்றார். தூசி என்றேன்.

ஆகஸ்ட் 2

விண்ணப்பம் எழுதினேன், விடுப்பில் ஊர் போய்வர. கொள்ளிடத்தில் அஸ்தி கரைக்க வேண்டும். மைத்துனர் எழுதியிருக்கிறார்: மணல் லாரிகள் இறங்குவதற்கு அவர்கள் ஊர்ப் பக்கம் கரையை வெட்டிப் பாதை போட்டுவிட்டார்களாம். மங்கை சொன்ன நான்கு மடுவில் எது இருக்கிறது, எது இல்லை என்று அவரிடம் கேட்டு எழுத நினைத்தேன். எழுதவில்லை.

செப்டம்பர் 19

அந்தீபினிடமிருந்து கடிதம். பென்சிலில் எழுதியிருக்கிறார். அப்படியே பெயர்த்து வைக்கிறேன்:

“மூர்த்தி, புத்தகம் ரெண்டு வந்துச்சு. ஒண்ணை நான் வச்சுக்கிட்டேன். இன்னொண்ணை எடுத்துக்கிட்டு அம்மாவைப் பார்க்கப் போனேன். அவங்க இப்ப ஆத்தங்கரையில இல்ல. எல்லாரையும் ஊர்க் குடியிருப்புக்கு மாத்திட்டாங்க, நாலாவது மாடி. கண்ணு சரியாத் தெரியல. இதுல நம்ம ஆறு இருக்கு, பத்தொன்பதும் பேரோட இருக்கு, வெயில் அடிக்கிற நாட்டுல கோடி பேர் படிப்பாங்கன்னு சொன்னேன். நம்பல. அப்புறம் நம்பிட்டாங்க. அழுதாங்க. உன் எழுத்தைப் பார்த்தேன், மீன் முட்டை மாதிரி வட்டம் வட்டமா இருக்கு. எனக்கு எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு தெரியல. அம்மா அந்தப் பக்கத்துல கை வச்சுப் பார்க்கணும்ங்கறாங்க. எந்தப் பக்கம்னு மட்டும் எழுது. உன் மனைவி நல்லா ஆயிட்டாங்களா? அவங்களுக்கு வெயில்ல காயவச்ச மீன் அனுப்பறேன், நம்ம ஆத்து மீன் இல்ல, ரொம்ப தூரத்து ஏரி மீன்.”

செப்டம்பர் 20

உண்மையை எழுதினேன். நான்கு பக்கம் வந்தது. கிழித்தேன்.

மறுபடியும் எழுதினேன். கிழித்தேன்.

செப்டம்பர் 26

ஞாயிறு. கடிதத்தை முடித்து, தலை துவட்டாமலே போய்த் தபாலில் போட்டுவிட்டு வந்தேன். மங்கை இறந்ததைச் சொல்லியிருக்கிறேன். மீன் அனுப்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பிறகு, “131ஆம் பக்கத்தில், மேலிருந்து இரண்டாவது பத்தியில் தொடங்குகிறது. 141இல் முடிகிறது” என்று எழுதினேன். நம்புவதற்காக, பசித்தவன் மடு 134ஆம் பக்கத்தில் நடுவில் இருக்கிறது என்றும் சேர்த்தேன்.

வந்து புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 131இல், இரண்டாவது பத்தியில், கிணற்றுத் தொழிலாளர்களுக்கான புதிய உணவுக்கூடத்தைத் திறந்து வைக்கிறார்கள். 134இன் நடுவில் ஒருவர் பேசுகிறார், மற்றவர்கள் கை தட்டுகிறார்கள்.

நாலாவது மாடியில் அந்த அம்மா கை வைத்துப் பார்க்கப்போவது அங்கேதான்.